அடைப்புக்குறிக்கு முன்னால் நிற்கும் பெயர்: வினவல் மொழியில் செயற்கூறுகளை அழைக்கும் முறை

சேலத்தில் கணினிப் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடமும், லீ பஜார் மண்டிகளில் கணக்கு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களிடமும், தரவுத்தளத்தில் ஒரு செயற்கூற்றை எப்படி எழுதுவது என்று கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே விடைதான் வருகிறது: "பெயரை எழுதி ப்ராக்கெட் போட்டால் போதும்." இந்த விடை பாதி உண்மை. முதல் வாரத்துக்கு அது போதுமானதாகத் தோன்றும். அதன் பிறகு, அடைப்புக்குறி போட்டதாலேயே பிழை வரும் இடமும், போட்டும் செயற்கூறாக மாறாத இடமும், பிழையே காட்டாமல் தவறான விடை வரும் இடமும் எதிர்ப்படும்போது, கற்பவர் தன் அறிவையே சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறார். குறை அவரிடம் இல்லை. அடைப்புக்குறி எதற்காக இருக்கிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்பதே குறை. அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தொடங்குமுன் சில சொற்கள். தகவல்களை அட்டவணைகளாக அடுக்கி வைக்கும் இடம் தரவுத்தளம். அதனிடம் நாம் கேட்கும் கேள்வி வினவல். அக்கேள்வியை எழுதுவதற்குப் பரவலாகப் பயன்படும் மொழி எஸ்கியூஎல். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர், எஸ்கியூலைட் என்று பின்னால் வருபவை இம்மொழியை ஏற்கும் வெவ்வேறு தரவுத்தள மென்பொருள்கள். அட்டவணையில் மேலிருந்து கீழாகச் செல்வது நெடுவரிசை, குறுக்காகச் செல்வது வரி. கணினியில் இதன் சொற்களை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். இங்கே அவற்றின் ஒலிப்பைத் தமிழில் தருகிறேன்.

காப்பித்தூள் கடையில் நடப்பது

காப்பிக் கொட்டையை வறுத்து அரைத்துத் தரும் கடைக்குச் சென்று, "பீபரி அரைக் கிலோ, பிளாண்டேஷன் அரைக் கிலோ, சிக்கரி நூறு கிராம்" என்கிறோம். கடைக்காரர் எந்தச் சூட்டில் வறுக்கிறார், அரைவை இயந்திரத்தின் பற்கள் எப்படிச் சுழல்கின்றன என்பதெல்லாம் நமக்குத் தெரிய வேண்டியதில்லை. நாம் சொல்வதைச் சரியாகச் சொன்னால், கையில் ஒரு பொட்டலம் வருகிறது. அந்தப் பொட்டலத்தை, காப்பித்தூள் தேவைப்படும் எந்த இடத்திலும் பயன்படுத்தலாம்.

செயற்கூறு என்பது இந்தக் கடை போன்றது. ஒரு பெயரும், அது ஏற்றுக்கொள்ளும் பொருள்களும், அது திருப்பித் தரும் ஒரு மதிப்பும் அதற்கு உண்டு. நாம் உள்ளே கொடுக்கும் பொருளுக்குச் செயலுருபு என்று பெயர். தரவுத்தள மென்பொருளோடு சேர்ந்தே வருவதும், நாம் எழுதித் தர வேண்டாததுமான செயற்கூறு உள்ளிணைந்த செயற்கூறு எனப்படும்.

ரவுண்ட்(612.456, 2)

இங்கே ரவுண்ட் என்பது பெயர். 612.456 முதல் செயலுருபு. எத்தனை தசம இடங்கள் வேண்டும் என்று சொல்லும் 2 இரண்டாம் செயலுருபு. திரும்பி வருவது 612.46. அது வந்த பிறகு, மேலே உள்ள முழு எழுத்துக்கோவையும் அந்த ஓர் எண்ணாகவே கருதப்படும்.

சுருங்கச் சொன்னால், செயற்கூற்று அழைப்பு என்பது ஒரு மதிப்பு உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும் எழுத்து. செலக்ட் (எதை எடுக்க வேண்டும்), ஃப்ரம் (எந்த அட்டவணையிலிருந்து), வேர் (எந்த நிபந்தனையில்) போன்றவை அப்படிப்பட்டவை அல்ல. அவை வினவலின் சட்டகத்தைக் கட்டும் கட்டளைச் சொற்கள்.

அடைப்புக்குறி ஏன் வந்தது

தமிழில் "படி" என்ற சொல் தனியே நின்றால், அது மாடிப்படியா, அளக்கும் படியா, படிக்கச் சொல்லும் ஏவலா என்று தெரியாது. "படியில்" என்றதும் பெயர் என்று அறிகிறோம். "படித்தான்" என்றதும் வினை என்று அறிகிறோம். சொல்லுக்குப் பின்னால் ஒட்டுவதுதான் சொல்லின் தன்மையைத் தீர்மானிக்கிறது.

தரவுத்தளமும் நம் வினவலை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே செல்கிறது. வழியில் ஒரு பெயரைக் கண்டால், அது அட்டவணையின் பெயரா, நெடுவரிசையின் பெயரா, செயற்கூற்றின் பெயரா என்று முடிவு செய்தாக வேண்டும். பெயரை அடுத்துத் திறப்புக்குறி வந்தால் அது செயற்கூறு என்று கொள்கிறது. எனவே, உள்ளே கொடுப்பதற்கு ஒன்றுமே இல்லாவிட்டாலும் அடைப்புக்குறி தேவைப்படுகிறது. இப்போதைய நாளையும் நேரத்தையும் தரும் நவ்() என்ற செயற்கூற்றை மைஎஸ்கியூஎல்லிலோ போஸ்ட்கிரெஸ்ஸிலோ வெறுமனே "நவ்" என்று எழுதினால், அப்படியொரு நெடுவரிசை இல்லை என்றே பிழைச்செய்தி வரும். நேரத்தைக் கேட்டவருக்கு நெடுவரிசை பற்றி ஏன் விடை வருகிறது என்ற குழப்பம் இங்கேதான் தீர்கிறது: அடைப்புக்குறி இல்லாததால் தரவுத்தளம் அப்பெயரை நெடுவரிசை என்று நினைத்துவிட்டது.

அப்படியானால், இன்றைய நாளைத் தரும் கரண்ட்_டேட் மட்டும் அடைப்புக்குறி இல்லாமல் எப்படி இயங்குகிறது? அது மொழியே தனக்கென ஒதுக்கி வைத்துக்கொண்ட சொல். அதை வேறொன்றாகத் தவறாகப் படிக்க வழியில்லை, ஆகவே அடையாளக்குறியும் தேவையில்லை. போஸ்ட்கிரெஸ்ஸில் அதற்கு அடைப்புக்குறி போட்டால்தான் பிழை. மைஎஸ்கியூஎல் இரண்டு வடிவத்தையும் ஏற்கும். ஆரக்கிளின் சிஸ்டேட் அடைப்புக்குறி இன்றி எழுதப்படுகிறது. எஸ்கியூஎல் சர்வரின் கெட்டேட்() அடைப்புக்குறியோடுதான் எழுதப்பட வேண்டும்.

பெயருக்கும் திறப்புக்குறிக்கும் நடுவில் இடைவெளி விடலாமா என்பது பலரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் செய்தி. போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர், எஸ்கியூலைட் ஆகியவற்றில் இடைவெளி பொருட்டல்ல. மைஎஸ்கியூஎல்லில், இயல்பான அமைப்பில், எண்ணித் தரும் கவுண்ட், கூட்டித் தரும் சம் உள்ளிட்ட குறிப்பிட்ட சில செயற்கூறுகளுக்கு இடைவெளி விட்டால் பிழை வரும். அங்கே, ஒட்டிய திறப்புக்குறி வந்தால் செயற்கூறு, இடைவெளி இருந்தால் சாதாரணப் பெயர் என்று பிரித்தறிகிறார்கள். ஐயமிருந்தால் ஒட்டியே எழுதுங்கள். அது எல்லா இடத்திலும் செல்லும். பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பதைப் பற்றி உள்ளிணைந்த செயற்கூறுகளின் பெயரில் கவலைப்பட வேண்டியதில்லை.

உள்ளே கொடுப்பதன் ஒழுங்கு

செயலுருபுகளைக் காற்புள்ளியால் பிரிக்கிறோம். காப்பிக் கடையில் "சிக்கரி" என்று பெயர் சொல்லிக் கேட்கலாம். ஆனால் பெரும்பாலான உள்ளிணைந்த செயற்கூறுகளுக்குப் பெயர் சொல்லும் வசதி இல்லை. எது முதலில், எது இரண்டாவது என்ற வரிசை மட்டுமே அவற்றின் பொருளைச் சொல்கிறது. இடம் மாறினால் பொருளும் மாறிவிடும்.

இதை நான் கற்றது ஒரு பாக்கிப் பட்டியலில். ஒரு மண்டியின் கணக்கு மைஎஸ்கியூஎல்லில் இருந்தது. பில் போட்டு எத்தனை நாள் ஆயிற்று என்பதை

டேட்டிஃப்(இன்று, பில்_நாள்)

என்று எழுதியிருந்தேன். மைஎஸ்கியூஎல் முதல் நாளிலிருந்து இரண்டாம் நாளைக் கழிக்கும். ஆகவே 45 என்பது போல நேர்மறை எண் வரும். பின்னர் அதே கணக்கை எஸ்கியூஎல் சர்வருக்கு மாற்றினோம். அங்கே இதே பெயருடைய செயற்கூற்றுக்கு மூன்று செயலுருபுகள்: முதலில் அலகு, அடுத்துத் தொடக்க நாள், கடைசியில் முடிவு நாள். இரண்டு செயலுருபுகள் மட்டும் இருந்ததால் முதலில் பிழை வந்தது. நான் முன்னால் அலகை மட்டும் சேர்த்து

டேட்டிஃப்(டே, இன்று, பில்_நாள்)

என்று எழுதிவிட்டேன். பிழை மறைந்தது, எண் -45 ஆயிற்று. முப்பது நாளுக்கு மேற்பட்ட பாக்கியைக் காட்டு என்ற நிபந்தனையில் ஒருவர் பெயரும் தேறவில்லை. பட்டியல் வெறுமையாக வந்ததைப் பார்த்து, எல்லோரும் பணம் கட்டிவிட்டார்கள் என்று இரண்டு வாரம் நம்பியிருந்தோம். எழுத்தில் பிழை இருந்தால் தரவுத்தளம் தடுக்கும். வரிசையில் பிழை இருந்தால், இரண்டும் நாள்கள்தானே என்று ஏற்றுக்கொள்ளும். அதனால்தான், புதிதாக ஒரு செயற்கூற்றைப் பயன்படுத்துமுன், விடை முன்கூட்டியே தெரிந்த ஓர் எடுத்துக்காட்டை அதில் போட்டுப் பார்க்கும்படி எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

எழுத்துகளைச் செயலுருபாகக் கொடுக்கும்போது ஒற்றை மேற்கோள்குறிக்குள் எழுத வேண்டும்: அப்பர்('சேலம்') என்பது போல. இரட்டை மேற்கோள்குறி, மொழியின் தர விதிப்படி, நெடுவரிசை அல்லது அட்டவணையின் பெயரைக் குறிக்கும். மைஎஸ்கியூஎல் இயல்பாக அதையும் எழுத்தாகவே ஏற்பதால், அதில் பழகியவர்கள் வேறிடத்தில் தடுமாறுகிறார்கள். கைப்பேசிச் செய்தியிலிருந்தோ ஆவணக் கோப்பிலிருந்தோ வினவலை ஒட்டும்போது மேற்கோள்குறிகள் வளைந்த வடிவத்துக்கு மாறிவிடுவதும் உண்டு. அந்த வளைந்த குறியைத் தரவுத்தளம் மேற்கோள்குறியாக ஏற்பதில்லை.

காற்புள்ளிக்குப் பதிலாகச் சொல்

சில செயற்கூறுகளுக்குள் காற்புள்ளி இருப்பதில்லை. அதன் இடத்தில் சொற்கள் இருக்கும்.

எக்ஸ்ட்ராக்ட்(இயர் ஃப்ரம் நாள்)
காஸ்ட்(எடை ஆஸ் இன்டிஜர்)

முதலாவது, நாளிலிருந்து ஆண்டைப் பிரித்துத் தருகிறது. இரண்டாவது, மதிப்பை முழு எண்ணாக மாற்றுகிறது. இந்த வேறுபாட்டுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஐபிஎம் நிறுவனத்தில் சேம்பர்லினும் பாய்ஸும் 1974இல் சீக்வல் என்ற பெயரில் வெளியிட்ட மொழியிலிருந்து வளர்ந்தது எஸ்கியூஎல். ஆங்கில வாக்கியம் போலப் படிக்கப்பட வேண்டும் என்பது அதன் நோக்கம். 1986இல் வந்த முதல் அமெரிக்கத் தர விதியில் கவுண்ட், சம், ஏவிஜி (சராசரி), மேக்ஸ் (மிகப் பெரியது), மின் (மிகச் சிறியது) என்று, பல வரிகளைத் திரட்டி ஒரே விடை தரும் ஐந்து திரட்டுச் செயற்கூறுகள் இருந்தன. எழுத்துகளையும் நாள்களையும் கையாளும் எக்ஸ்ட்ராக்ட், சப்ஸ்ட்ரிங், டிரிம், காஸ்ட் போன்றவை 1992இன் விதியில்தான் சேர்ந்தன. அதற்குள் ஒவ்வொரு நிறுவனமும் தன் தேவைக்கேற்பத் தனித்தனிச் செயற்கூறுகளை உருவாக்கிக்கொண்டிருந்தது. ஒரே வேலைக்கு இத்தனை வடிவங்கள் இருப்பதற்குக் காரணம் அதுவே. இதில் மனப்பாடம் செய்ய ஒரே விதி கிடைக்காது.

வரிக்கு ஒன்றா, குவியலுக்கு ஒன்றா

இதுவரை பார்த்தவற்றுள் பெரும்பாலானவை ஒரு வரியை எடுத்துக்கொண்டு அந்த வரிக்கு ஒரு விடையைத் தருபவை. திரட்டுச் செயற்கூறு என்பது பல வரிகளை விழுங்கி ஒரே விடையைத் தருவது. எழுதும் வடிவம் இரண்டுக்கும் ஒன்றுதான். அதனாலேயே பெரும்பாலான குழப்பங்கள் இங்கே எழுகின்றன.

ஏற்காட்டுத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களின்மேல் ஏறியிருக்கும் மிளகுக் கொடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். மலைக் கிராமங்களிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கிவரும் மிளகு மூட்டைகளை "வரவு" என்ற அட்டவணையில் பதிகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வரிகள், எடை கிலோவில்.

நாகலூர், 40
மஞ்சக்குட்டை, 55
வாழவந்தி, (இன்னும் எடை போடவில்லை)
நாகலூர், 25
செம்மநத்தம், 60
மஞ்சக்குட்டை, 30

மூன்றாம் வரியில் எடை இல்லை. இப்படி மதிப்பு அறியப்படாத இடத்தை வெற்று மதிப்பு என்பார்கள். அது சுழியம் அன்று. சுழியம் என்றால் எடை போட்டு ஒன்றும் இல்லை என்று கண்டோம் என்று பொருள். வெற்று என்றால் எடையே போடவில்லை என்று பொருள்.

இப்போது கவுண்ட்(*) கேட்டால் 6 வரும். நட்சத்திரக்குறி, வரிகளை எண்ணு என்கிறது. கவுண்ட்(எடை) கேட்டால் 5 வரும். அது எடை உள்ள வரிகளை மட்டும் எண்ணுகிறது. கவுண்ட்(டிஸ்டிங்க்ட் ஊர்) கேட்டால் 4. வெவ்வேறான ஊர்களை எண்ணுகிறது. சம்(எடை) 210. ஏவிஜி(எடை) எவ்வளவு? 210ஐ 6ஆல் வகுத்து 35 என்று சொல்பவர்களே மிகுதி. தரவுத்தளம் தருவது 42, ஏனெனில் அது வெற்று வரியை விட்டுவிட்டு 5ஆல் வகுக்கிறது. எடை போடாத மூட்டையைக் கணக்கில் சேர்க்காதது நியாயம்தான். ஆனால் வராத மூட்டைக்கும் யாரேனும் வெற்றாகப் பதிந்திருந்தால் அந்தச் சராசரி உண்மையைச் சொல்லாது. அங்கே ஏவிஜி(கோயலெஸ்(எடை, 0)) என்று எழுதினால் 35 கிடைக்கும். கோயலெஸ் என்பது, கொடுத்தவற்றுள் வெற்றல்லாத முதல் மதிப்பைத் திருப்பித் தரும் செயற்கூறு.

கோயலெஸ் தந்த மதிப்பு ஏவிஜியின் செயலுருபாக அமர்ந்திருப்பதைக் கவனியுங்கள். மதிப்பு இருக்கக்கூடிய இடத்தில் அழைப்பும் இருக்கலாம் என்று முன்னர்ச் சொன்னதன் பயன் இது. அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி வந்தால் உள்ளிருப்பதை முதலில் படியுங்கள். திறந்தது எத்தனையோ மூடியதும் அத்தனை இருக்க வேண்டும்.

ஊர்வாரியாகக் கூட்ட வேண்டுமானால்:

செலக்ட் ஊர், சம்(எடை) ஃப்ரம் வரவு குரூப் பை ஊர்;

மஞ்சக்குட்டைக்கு 85, நாகலூருக்கு 65, செம்மநத்தத்துக்கு 60 என்று வரும். வாழவந்திக்கு 0 வராது, வெற்றே வரும். கூட்டுவதற்கு ஒன்றுமே இல்லாதபோது சம் தருவது வெற்று மதிப்பு. குரூப் பை இல்லாமல் ஊரையும் சம்(எடை)யையும் ஒன்றாகக் கேட்டால், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர் ஆகியவை மறுத்துவிடும்: கூட்டுத்தொகை ஒன்று, ஊர்களோ நான்கு, எந்த ஊரை அதன் அருகில் எழுதுவது? மைஎஸ்கியூஎல்லின் பழைய பதிப்புகள் ஏதோ ஓர் ஊரைத் தாமாக எழுதிவிடும், 5.7 பதிப்பிலிருந்து இயல்பாகவே அதுவும் மறுக்கிறது. மறுப்பதே நமக்கு நல்லது.

வேர் சம்(எடை) > 60 என்று எழுதி ஏன் பிழை வருகிறது என்பதும் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. மண்டியில் நடப்பதையே பாருங்கள். வாசலிலேயே ஈர மூட்டையைத் தள்ளி வைப்பது ஒரு வேலை. உள்ளே வந்தவற்றை ஊர்வாரியாகக் குவித்து, எந்தக் குவியல் பெரிது என்று பார்ப்பது வேறு வேலை. வேர் வாசலில் நிற்கிறது. ஒவ்வொரு வரியையும் தனித்தனியே பார்க்கிறது. அந்த நேரத்தில் குவியலே இல்லை, எனவே குவியலின் எடையை அதனிடம் கேட்க முடியாது. குவித்த பிறகு பார்க்கும் சொல் ஹேவிங். குரூப் பைக்குப் பின்னால் ஹேவிங் சம்(எடை) > 60 என்று எழுதினால் மஞ்சக்குட்டையும் நாகலூரும் வரும்.

ஆக, ஒரு செயற்கூறு வரியைப் பார்க்கிறதா குவியலைப் பார்க்கிறதா என்பதை அறிந்தால், அதை எங்கே எழுதலாம் என்பதும், வெற்று மதிப்பை அது என்ன செய்யும் என்பதும் பெரும்பாலும் விளங்கிவிடும்.

அடைப்புக்குறி இருந்தும் செயற்கூறு அல்லாதவை

செலக்ட் டிஸ்டிங்க்ட்(ஊர்), எடை ஃப்ரம் வரவு;

இதை எழுதுபவர், ஊருக்கு ஒரு வரி வீதம் நான்கு வரிகளை எதிர்பார்க்கிறார். வருவதோ ஆறு. டிஸ்டிங்க்ட் இங்கே செயற்கூறு அன்று. செலக்ட்டோடு சேர்ந்து முழு வரிக்கும் பொருந்தும் சொல். ஊரைச் சுற்றியுள்ள அடைப்புக்குறி, கணக்கில் வெறும் எண்ணைச் சுற்றிப் போட்ட அடைப்புக்குறி போல, எதையும் மாற்றுவதில்லை. ஊரும் எடையும் சேர்ந்த இணைகளில் ஒன்றுபோல் இரண்டு இல்லாததால் ஆறும் நிற்கின்றன. ஊர் இவற்றுள் ஒன்றா என்று கேட்கும் ஊர் இன் ('நாகலூர்', 'வாழவந்தி') என்பதில் உள்ள அடைப்புக்குறியும் ஒரு பட்டியலைக் கட்டுவதே.

கையேட்டில் வரும் சதுர அடைப்புக்குறி பற்றியும் ஒரு சொல். ரவுண்ட்(எண் [, இடங்கள்]) என்று அங்கே இருந்தால், சதுரக்குறிக்குள் இருப்பதைக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம் என்று பொருள். அந்தச் சதுரக்குறியைத் தட்டச்சு செய்யக்கூடாது. மூன்று புள்ளிகள் இருந்தால், அதற்கு முன் உள்ளதைத் தேவைப்படும் அளவு திரும்ப எழுதலாம்.

தமிழ் எழுத்தை எண்ணும்போது

இறுதியாக, தமிழில் தரவு வைத்திருப்பவர்கள் சந்திக்கும் ஒன்று. "சேலம்" என்பதில் எத்தனை எழுத்து? நமக்கு மூன்று. மைஎஸ்கியூஎல்லில் லெங்த்('சேலம்') என்று கேட்டால், எழுத்துகளைக் கணினியில் பதியும் முறைகளுள் ஒன்றான யூடிஎஃப்-8 முறையில் சேமித்திருக்கும்போது 15 வரும். சார்_லெங்த்('சேலம்') என்று கேட்டால் 5 வரும். ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என ஐந்து குறியீடுகள். ஒவ்வொன்றும் மூன்று பைட்டு (கணினியின் சேமிப்பிடத்தை அளக்கும் சிறிய அலகு) இடம் பிடிக்கிறது. லெங்த் அங்கே பைட்டுகளை எண்ணுகிறது, சார்_லெங்த் குறியீடுகளை எண்ணுகிறது. போஸ்ட்கிரெஸ்ஸில் லெங்த் என்றாலே 5தான். இரண்டும் நம் எழுத்தை எண்ணுவதில்லை.

எழுத்துக்கோவையின் ஒரு பகுதியை வெட்டித் தரும் சப்ஸ்ட்ரிங்கில் இது நேரடியாகத் தெரியும். அது 1இலிருந்து எண்ணத் தொடங்குவது. மூட்டையில் ஒட்டும் சீட்டுக்காக ஊர்ப் பெயரின் முதல் இரண்டு எழுத்தை வெட்ட எண்ணி சப்ஸ்ட்ரிங்('மஞ்சக்குட்டை', 1, 2) என்று எழுதினால் "மஞ" என்றுதான் வரும். புள்ளி மூன்றாவது குறியீடாக இருப்பதால் அது வெட்டுப்பட்டுவிடும். 3 என்று கொடுத்தால் "மஞ்" வரும். அந்த ஊர்ப் பெயர் நமக்கு ஏழு எழுத்து, தரவுத்தளத்துக்குப் பன்னிரண்டு குறியீடு. ஆகவே பத்து இடம் ஒதுக்கிய நெடுவரிசையில் அது கொள்ளாது. தமிழ்ப் பெயர்களுக்கு நெடுவரிசை அமைக்கும்போது, விரலால் எண்ணிய எண்ணிக்கையைவிட இரு மடங்கு இடம் விடுங்கள். வெட்டும் செயற்கூற்றை எழுதினால், ஒட்டுமுன் சீட்டை ஒருமுறை கண்ணால் படித்துப் பாருங்கள்.